கையிலிருக்கும் கணினி எவருக்குரியது?

எமது பல்கலைக்கழகச் சூழலில் கைத்தொலைபேசி பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இரு சாராரின் குரல்களே ஓங்கி ஒலிக்கின்றன. ஒரு சாரார் அதனைச் சாபக்கேடாகக் காண்பர். மாணவன் நூலகத்தை மறந்தான், ஏட்டை மறந்தான், அருகிலிருக்கும் நண்பனையும் மறந்தான் என்பது அவர்தம் புலம்பல். மற்றைச் சாரார் அதனையே விடிவெள்ளியாகக் கொண்டாடுவர். நான்காந் தலைமுறை போய் ஐந்தாந் தலைமுறை வருகிறது, அதன்பின் ஆறாவது வரும், வேகம் பெருகப் பெருக எம் குறைகளெல்லாம் தாமே தீரும் என்பது அவர்தம் நம்பிக்கை. இவ்விரு சாராரும் தம்முட் பகைவர்போலத் தோன்றினும் ஒரு விடயத்தில் முழு உடன்பாடு கொண்டவர்கள். அக்கருவி எவ்வாறிருக்கவேண்டும் என்பதை வேறெவரோ எங்கோ இருந்து தீர்மானிப்பர். நாம் அதனை ஏற்கலாம் அல்லது விலக்கலாம். அதற்குமேல் எமக்கு அதில் அலுவலில்லை என்பதே அவ்வுடன்பாடு. இக்கட்டுரை அவ்வுடன்பாட்டுக்கு எதிராக எழுதப்படுகிறது.

கம்பியின் துணையின்றித் தரவை அனுப்பவும் பெறவும் வல்ல, சட்டைப்பையில் அடங்கும் கணினியின் எதிர்காலம் அதன் வேகத்திலோ திரையின் பருமனிலோ தங்கியிருக்கவில்லை. அதனை வைத்திருப்பவன் அதில் எழுதமுடியுமா, அல்லது வாசிக்க மட்டுமே முடியுமா என்பதிலும், அது பேசும் ஆகாயவழி எவருக்குரியது என்பதிலுமே தங்கியிருக்கிறது. எழுதுதல் என்று நான் ஈண்டுக் குறிப்பது முகநூலில் நாலு வரி இடுவதையன்று. அக்கருவிக்குப் புதியதொரு வேலையைக் கற்பித்தலை, அதன் உரிமையாளனே தன் தேவைக்கேற்ப அதனை மாற்றியமைத்தலைக் குறிக்கிறேன். இதனைக் கலைப்பீட மாணவனொருவன் பேசலாமா, இது பொறியியற்பீடத்தாரின் துறையல்லவா என்று கேட்போர் உளர். எழுத்தையும் வாசிப்பையும், அவற்றின்மேல் எவருக்கு அதிகாரம் என்பதையும் பற்றிய வினா கலைப்பீடத்துக்குரியதன்றேல் வேறெப்பீடத்துக்குரியது?

இக்கருவியின் கருத்துரு எங்கு தோன்றியது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். பலரும் எண்ணுவதுபோல அது 2007 ஆம் ஆண்டில் ஒரு கம்பனியின் மேடையிற் பிறந்ததன்று. 1972 இல் கலிபோர்ணியாவின் பாலோ அல்ரோ நகரில், ஸெரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுநிலையத்திற் பணியாற்றிய அலன் கே என்பவர், எல்லா வயதுக் குழந்தைகளுக்குமான தனியாட் கணினி என்னும் பொருள்படத் தலைப்பிட்ட கட்டுரையொன்றை எழுதினார். குறிப்புப் புத்தகமொன்றின் அளவினதாய், நான்கு இறாத்தலுக்குக் குறைந்த எடையினதாய், ஏறத்தாழ 500 டொலர் விலையினதாய் ஒரு கருவியை அவர் அதிற் கற்பனை செய்தார். டைனாபுக் என்பது அவர் அதற்கிட்ட பெயர். கணினியென்றால் குளிரூட்டிய மண்டபமொன்றை அடைத்துக்கொண்டு நிற்கும் இரும்புப் பெட்டிகள் என்றிருந்த காலத்தில் எழுதப்பட்டது அது.

அக்கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு காட்சி வருகிறது. சிறுவர் இருவர் புற்றரையிற் கிடந்து தம் கருவிகளை ஒன்றோடொன்று இணைத்து விண்கல விளையாட்டொன்றை ஆடுகின்றனர். கலங்களின் ஓட்டம் இயல்பாக இல்லை, சூரியனின் ஈர்ப்பு அதிற் சேரவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. அவர்கள் கடைக்குச் சென்று புதிய விளையாட்டொன்றை வாங்கவில்லை. இருக்கும் விளையாட்டைத் தாமே திருத்தத் தொடங்குகின்றனர்; அதற்காக ஈர்ப்புவிசை பற்றிக் கற்கின்றனர். கேயின் கருத்துருவின் உயிர் இக்காட்சியிலேயே இருக்கிறது. எடையும் விலையும் அதற்கு உடல் மட்டுமே. அவரும் அவர்தம் சகாக்களும் ஸ்மோல்ரோக் என்னும் கணினி மொழியைச் சமைத்தது இதற்காகவே. கேயும் அடெல் கோல்ட்பேர்க்கும் 1977 இல் வெளியிட்ட கட்டுரையில் பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தி தானே எழுதிய ஓவியம் வரையும் நிரல் எடுத்துக்காட்டாக வைக்கப்பட்டிருக்கிறது. டைனாபுக் என்னும் கருவி கடைசிவரை கட்டப்படவில்லை. அதன் நோக்கம் நடைமுறையிற் கைகூடும் என்பதை அச்சிறுமி காட்டிவிட்டாள்.

இனி ஆகாயவழியைப் பார்ப்போம். தரவைச் சிறு பொட்டலங்களாக்கி வானொலி அலையில் அனுப்பும் முறைக்கு ஒரு பல்கலைக்கழகமே தாய்வீடு என்பது எம்மவர் பலர் அறியாத செய்தி. 1971 ஜூனில் ஹவாய்ப் பல்கலைக்கழகம் அலோஹாநெற் என்னும் வலைப்பின்னலை இயக்கத் தொடங்கியது. ஹவாய் தீவுகளின் கூட்டம். தீவுகளிடையே தொலைபேசிக் கம்பி வழித் தரவனுப்புதல் செலவு மிக்கது, நம்பகமற்றது. ஆகவே பேராசிரியர் நோர்மன் ஏப்ரம்சனும் அவர்தம் குழுவினரும் தொலைபேசிக் கம்பனியின் அருளுக்குக் காத்திராது தமக்கெனத் தாமே ஒரு வழி சமைத்தனர். அம்முறையின் விதி மிக எளியது. அனுப்ப விரும்புவோர் விரும்பியபோது அனுப்பலாம்; இருவர் செய்தி மோதிச் சிதைந்தால் ஒவ்வொருவரும் எழுந்தமானமாகச் சிறிது நேரம் பொறுத்து மீண்டும் அனுப்பவேண்டும். கூட்டத்திற் பேசும் நாகரிகமறிந்த எவரும் இதனை விளங்கிக்கொள்வர். தலைவர் ஒருவர் இருந்து முறைவைத்து அனுமதி வழங்கவேண்டியதில்லை என்பதே இதன் சிறப்பு. இன்று எம் கைத்தொலைபேசி கோபுரத்தை முதன்முறை அழைக்குங் கணத்தில் நிகழ்வதும் இம்முறையின் வழித்தோன்றலே.

அலோஹாநெற்றின் வேகம் நொடிக்கு 9,600 துணுக்குகள். இவ்வெண்ணை நினைவில் வைத்திருக்குமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் 1999 பெப்ரவரியில் யப்பானின் என்.ரி.ரி. டொகோமோ நிறுவனம் ஐ-மோட் என்னும் சேவையைத் தொடங்கிக் கைத்தொலைபேசியில் இணையத்தை இலட்சக்கணக்கான மக்களிடம் கொண்டுசென்றபோது அதன் வேகமும் அதே 9,600 தான். இடையில் இருபத்தெட்டு ஆண்டுகள். வேகத்தில் ஓர் அணுவும் வேறுபாடில்லை. ஆயின் முன்னையது பயன்படுத்துவோர் தாமே கட்டி ஆண்ட வலைப்பின்னல். பின்னையது 128 எண்மக்கூறுகள் கொண்ட ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கட்டணம் அறவிட்ட ஒரு கம்பனியின் வலைப்பின்னல். வேகமே எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் என்போர் இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவாராக.

அதன்பின் ஆகாயம் ஏலத்துக்கு வந்தது. 2000 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு மூன்றாந் தலைமுறை அலைக்கற்றைக்கான ஐந்து அனுமதிப்பத்திரங்களை 2,250 கோடி பவுணுக்கு விற்றது. அதே ஆண்டில் ஜேர்மனி ஏறத்தாழ 5,000 கோடி யூரோ திரட்டியது. இவ்வளவு பணத்தைக் கொட்டியவர்கள் அதனை எவரிடமிருந்து மீட்பர் என்பதை விளக்கப் பொருளியற் பட்டம் வேண்டியதில்லை. ஏலத்தில் எடுத்தவன் வேலியடைப்பான். வேலிக்குள் வருவோரிடம் வரி கேட்பான். இதற்கு மறுதலையாக, 1985 இல் ஐக்கிய அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு, நுண்ணலை அடுப்புக்களின் இரைச்சலால் எவரும் விரும்பாதிருந்த சில அலைவரிசைகளை, அனுமதிப்பத்திரமின்றி எவரும் குறைந்த வலுவிற் பயன்படுத்தலாமென்று திறந்துவிட்டது. அக்குப்பைமேட்டில் முளைத்ததே வைஃபை. அதற்கான முதற் தராதரம் 1997 இல் வெளிவந்தது. எம் விடுதியறையிலும் நூலகத்திலும் வைஃபைப் பெட்டியை எவரும் எவரிடமும் கேளாது பொருத்தலாம். ஊர்ப் பொதுநிலம் போன்றது அது. பொதுநிலம் வீணாகும் என்று பாடநூல்கள் கூறும். ஆகாயத்தில் அவ்வாறு நிகழவில்லை.

வேலியடைத்த வழிக்கு இன்னுமொரு இயல்புண்டு. வாசல்கள் சிலவேயாதலால் அவற்றை மூடுதல் எளிது. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் இந்நாட்டிற் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது அரசு வீடுவீடாகச் செல்லவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டது, அவ்வளவே. அம்முடக்கங்களிற் சில நியாயமானவையா என்பது வேறு விவாதம்.

கருவிக்கு நிகழ்ந்தது இதனினும் கொடிது. 1993 இல் அப்பிள் கம்பனியின் நியூற்றனும், 1994 இல் ஐ.பி.எம். உருவாக்கிய சைமனும், 1996 இல் பாம் பைலற்றும் நொக்கியாவின் கொம்யூனிகேற்றரும் வந்தன. அவற்றின் குறைகள் பல. கையெழுத்தை வாசிக்கத் தெரியாத நியூற்றனைப் பத்திரிகைகள் எள்ளி நகையாடின. அவ்வரலாற்றை இங்கு விரிக்கத் தேவையில்லை. 2007 இல் ஐபோன் வந்தது. 2008 ஜூலையில் அதற்கான செயலிக் கடை திறந்தது. அக்கடை வழியன்றி எந்நிரலும் அக்கருவியுட் புகமுடியாது என்பது விதி. விற்பனையில் நூற்றுக்கு முப்பது கம்பனிக்கு. சிறு தயாரிப்பாளருக்கு அது பதினைந்தாகக் குறைக்கப்பட்டது பிற்காலத்தில், வழக்குகளும் விசாரணைகளும் எழுந்தபின். பொட்டலத்துக்குக் காசு வாங்கிய யப்பானியக் கம்பனி, தன் வலையிற் பொருள் விற்றோரிடம் எடுத்தது நூற்றுக்கு ஒன்பது மட்டுமே என்பதையும் ஒப்புநோக்குக.

2010 ஆம் ஆண்டின் ஒரு சிறு நிகழ்ச்சி முழுக் கதையையும் சொல்லிவிடும். மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஊடக ஆய்வுகூடம் சிறுவர் நிரல் எழுதிப் பழகுவதற்காக ஸ்கிராச் என்னும் மொழியை 2007 இல் வெளியிட்டிருந்தது. சிறுவர் ஸ்கிராச்சில் எழுதியவற்றை ஐபோனில் இயக்கிப் பார்க்கும் செயலியொன்றை ஒருவர் உருவாக்கினார். 2010 ஏப்ரலில் அப்பிள் அதனைக் கடையிலிருந்து அகற்றியது. தன் அனுமதியின்றி வேறொரு நிரலை இயக்கவல்ல எந்நிரலும் கூடாதென்ற விதியே காரணம். இனி முரணைப் பாருங்கள். ஸ்கிராச் அக்காலத்தில் ஸ்குவீக் என்னும் ஸ்மோல்ரோக் வகையின்மேற் கட்டப்பட்டிருந்தது. ஸ்குவீக்கைத் தொடங்கியவர்கள் அலன் கேயும் அவர்தம் குழுவினரும். தொடங்கிய இடம் 1996 இல் அதே அப்பிள் கம்பனி! டைனாபுக்கின் உடலைப் பெரும்பாலும் கட்டி முடித்தவர்கள் அதன் உயிரை வாசலிலே தடுத்துநிறுத்தினர்.

அவ்விதி அதே ஆண்டு செப்டெம்பரில் தளர்த்தப்பட்டதையும், இன்று அக்கருவிகளில் நிரல் பயிலச் செயலிகள் உள்ளமையையும் நான் மறைக்கவில்லை. ஆயினும் இன்றும் ஒருவன் தன் சொந்த ஐபோனுக்குத் தானே ஒரு நிரலெழுதி இடவிரும்பினால், கம்பனிக்கு ஆண்டுக்கு 99 டொலர் செலுத்தவேண்டும். செலுத்தாவிடின் அந்நிரல் ஏழு நாளிற் காலாவதியாகும். தன் வீட்டுச் சுவரிற் தான் எழுதியதை ஏழு நாளைக்கொருமுறை எவரோ வந்து அழிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

எமது நாட்டு மாணவர் பெரும்பாலும் வைத்திருப்பவை அண்ட்ரொயிட் கருவிகளே, அவை திறந்தவை என்று சிலர் ஆறுதல் கூறுவர். ஒப்பீட்டளவில் அது உண்மை. ஆயின் 2025 ஆகஸ்ட்டில் கூகிள், தன் சான்று பெற்ற கருவிகளில் இடப்படும் எந்தச் செயலியும், கடைக்கு வெளியே பெறப்பட்டதாயினும், தன்னிடம் அடையாளத்தைப் பதிவுசெய்த ஒருவரால் ஆக்கப்பட்டதாயிருத்தல் வேண்டுமென்று அறிவித்தது. எதிர்ப்பெழுந்தபின் அனுபவமிக்கோருக்கு ஒரு பக்கவழி விடப்படுமென்றது. பக்கவழியிற் புகவேண்டிய வீட்டுக்கு உரிமையாளன் நானென்று எவ்வாறு சொல்வது?

பாவனையாளர் பாதுகாப்புக்காகவே இக்கட்டுப்பாடுகள் என்பது கம்பனிகளின் விடை. இவ்விடையை எள்ளி ஒதுக்கல் ஆகாது. வங்கிக் கணக்கைச் சூறையாடும் போலிச் செயலிகள் உண்டு. அவற்றாற் பணமிழந்தோர் உண்டு. கதவுக்குப் பூட்டு வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. திறப்பு எவரிடம் இருக்கவேண்டும் என்பதே வாதம். மூதாட்டியொருவர் தம் வீட்டுத் திறப்பை நம்பிக்கையான அயலவரிடம் கொடுத்துவைக்கலாம். அது அவர் விருப்பம். அயலவர் தாமே பூட்டைப் போட்டுவிட்டுத் திறப்பைக் கொண்டுபோவது வேறு.

தமிழ் மொழி இவ்விடயத்திற் பட்ட பாட்டை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். மலேசியரான முத்து நெடுமாறன் 2005 பொங்கலன்று செல்லினம் என்னும் செயலியை வெளியிட்டுச் சாதாரணக் கைத்தொலைபேசியிலேயே தமிழிற் குறுஞ்செய்தி எழுத வழிசெய்தார். எந்தப் பெருங் கம்பனியும் தமிழருக்கு இரங்கி அதனைச் செய்யவில்லை. அண்ட்ரொயிட் 2009 இல் வெளியார் ஆக்கிய விசைப்பலகைகளை ஏற்றது. ஐபோனோ 2014 வரை ஏற்கவில்லை. அவ்வைந்து ஆண்டுகளும் அக்கருவி முழுவதிலும் பயன்படத்தக்க தமிழ் விசைப்பலகையொன்றை ஒரு தமிழன் செய்ய வல்லவனாயிருந்தும் செய்ய விடப்படவில்லை. அக்காலத்திற் பல கருவிகளில் தமிழ் எழுத்து வெறுங் கட்டங்களாகவே தெரிந்ததையும், ஒபெரா மினி உலாவியின் அமைப்பை மாற்றிப் பக்கத்தைப் படமாகப் பெற்றே எம் மூத்தோர் தமிழ் வாசித்ததையும் இன்று முதலாண்டு மாணவர் நம்பமாட்டார். திறப்புத் தம் கையில் இருந்த இடத்திற் தமிழர் தம் தேவையைத் தாமே நிறைவேற்றினர். இல்லாத இடத்திற் காத்திருந்தனர்.

2020 மார்ச்சிற் பெருந்தொற்றினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. விரிவுரைகள் இணையவழிக்கு மாறின. பல்கலைக்கழகங்களுக்குரிய லேர்ன் வலைப்பின்னலின் வழியும் தொலைபேசி நிறுவனங்களின் இணக்கத்தாலும் பல்கலைக்கழக மாணவர் தரவுக் கட்டணமின்றி விரிவுரை கேட்கமுடிந்தது. பாடசாலை மாணவராயிருந்த எமக்கு அவ்வாய்ப்பும் இல்லை. மலைநாட்டு மாணவர் அலை கிடைக்கும் பாறையுச்சிகளுக்கு ஏறிச்சென்று பாடங்கேட்ட படங்கள் 2021 இல் உலகப் பத்திரிகைகளில் வந்தன. அவற்றைக் கண்டோரெல்லாம் கோபுரம் போதாது என்றே கூறினர். அது மெய்யே. ஆயினும் கோபுரம் வீட்டு வாசலிலேயே நின்ற எனக்கும் வேறொரு குறை இருந்தது. தமையனாரின் பழைய கைத்தொலைபேசியிலேயே உயர்தர வகுப்பை முடித்தேன். ஆசிரியர் அனுப்பிய நூறு பக்கக் குறிப்பு நொடியில் வந்து இறங்கும். நான் எழுதவேண்டிய ஐந்து பக்க ஒப்படையோ பெருவிரலால் இரண்டு இரவு தட்டியும் முடியாது. உள்ளே வருவதற்கு இராசபாட்டை, வெளியே செல்வதற்கு ஒற்றையடிப்பாதை. அக்கருவி யாருக்காக, எதற்காக ஆக்கப்பட்டது என்பதை அவ்விரவுகளிலேயே நான் உணர்ந்தேன்.

சென்ற ஆண்டு அத்தொலைபேசியில் எனக்கு அவசியமான செயலியொன்று திடீரென இயங்க மறுத்தது. கருவியின் இயங்குதளம் பழையதாம். புதியதை அக்கருவிக்குக் கம்பனி தரமாட்டாதாம். திருத்தும் கடைக்குக் கொண்டுசென்றேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதில ஒரு பிழையுமில்லை. கண்ணாடி நல்லம், பற்றறி நல்லம். கம்பனி கைவிட்டிட்டான், அவ்வளவுதான்” என்றார். “அப்ப நீங்கள் ஒண்டும் செய்யேலாதோ அண்ணை?” என்றேன். “புதுசு ஒண்டு விக்கலாம்” என்று சிரித்தார். 2022 இன் நெருக்கடியில் எம் நாணயம் வீழ்ந்து தொலைபேசி விலைகள் ஏறியபின், அச்சிரிப்பிற் கலந்துகொள்ள என்னால் இயலவில்லை. இது எம் நாட்டுக்கு மட்டும் உரிய துயரன்று. ஐக்கிய அமெரிக்காவில் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் 2022 பெப்ரவரியிலும், யப்பானில் கே.டி.டி.ஐ. அடுத்த மாதத்திலும் மூன்றாந் தலைமுறைச் சேவையை நிறுத்தியபோது, பழுதேதுமற்ற கருவிகள் பல ஒரே நாளில் வாயடைத்துப்போயின. விற்றவனின் விருப்பத்திற் தங்கிய ஆயுள் உடைய பொருளை வாங்கிய பொருளென்று சொல்வது சொற்பிழை. அது வாடகைப் பொருள்.

இவையெல்லாம் தொழினுட்ப வளர்ச்சியின் தவிர்க்கவியலா விளைவுகள், காலத்தின் கோலம் என்று தத்துவம் பேசுவோர் எம்மிடையே நிறைய உளர். தவிர்க்கவியலாதது எதுவுமில்லை என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியமே சான்று. 2024 மார்ச்சு முதல் அங்கு ஐபோனில் வேறு செயலிக் கடைகளுக்கு இடமளிக்க வேண்டியதாயிற்று. 2024 டிசெம்பர் முதல் எல்லாக் கைத்தொலைபேசிகளுக்கும் ஒரே வகை மின்னேற்றித் துளை. 2023 இல் இயற்றப்பட்ட மின்கல ஒழுங்குவிதி, 2027 பெப்ரவரி முதல் பாவனையாளர் தாமே மின்கலத்தைக் கழற்றி மாற்றக்கூடியதாக இருத்தல் வேண்டுமெனப் பொதுவிதி வகுத்துள்ளது. இயலாது, இயலாது என்றிருந்த கம்பனிகளுக்குச் சட்டம் வந்ததும் இயன்றது. இரண்டு கோடிப் பேர் கொண்ட எமது நாட்டின் சட்டத்துக்கு அப்பலம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆயின் அங்கு பிறந்த உரிமையை எமக்கும் கேட்பதற்கு எவருடைய அனுமதி வேண்டும்?

மாற்றுவழி தேடியோர் தோற்றனர் என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. 2001 இல் பெங்களூரில், இந்திய விஞ்ஞான நிறுவனத்து அறிஞர் சிலரும் அவர்களோடிணைந்த கம்பனியாரும் சிம்பியூற்றர் என்னும் கைக்கணினியை முன்வைத்தனர். 200 டொலருக்குள் விலை; ஓர் ஊரே ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம், ஒவ்வொருவர் தரவும் அவரவர் அட்டையில் இருக்கும்; அதன் வரைபடம் யாவர்க்கும் திறந்தது. உயர்ந்த எண்ணம். விற்பனையோ சில ஆயிரங்களோடு நின்றது. மலிவான கைத்தொலைபேசி அதனை வென்றது. பிள்ளைக்கொரு மடிக்கணினி என்ற இயக்கம் 2007 இல் உருவாக்கிய இயந்திரத்தில், இயங்கும் நிரலின் மூலத்தைத் திறந்து காட்டவென்றே ஒரு விசை இருந்தது. கோபுரமின்றி ஒன்றின்வழி ஒன்றாகத் தரவைக் கடத்தவும் அவை வல்லனவாயிருந்தன. நூறு டொலரென்று சொல்லி ஏறத்தாழ இருநூறு டொலரில் முடிந்தது. நெரிசலான வகுப்பறையில் அவ்வலைப்பின்னலும் திணறியது. இவற்றின் தோல்வி கம்பனிகளின் சூழ்ச்சியால் மட்டும் விளைந்ததன்று. ஏழைக்கென்று மேலிருந்து செய்துகொடுத்த கருவியை ஏழை விரும்பவில்லை. தானே மாற்றக்கூடியதாயினும், மாற்றுவதற்கு வேண்டிய கல்வியை எவரும் அவனுக்கு அளிக்கவில்லை. கல்வியளிக்க வேண்டியவர்கள் நாமல்லவா?

1849 இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குச் சென்று அச்சியந்திரமொன்றை வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். அமெரிக்க மிசனின் அச்சகம் அதற்கு முன்பே மானிப்பாயில் இயங்கிக்கொண்டிருந்தது. நாவலரின் சாதி பற்றிய நிலைப்பாட்டை நான் ஏற்பவனல்லன். ஆயின் அச்சு பொல்லாதது, ஏட்டுச்சுவடியே போதும் என்றும் அவர் சொல்லவில்லை. அச்சடித்துத் தருவோர் தரட்டும், நாம் வாசிப்போம் என்றும் அவர் இருக்கவில்லை. எமது இரு சாராரும் அவர் பெயரால் நூற்றாண்டு விழாக்கள் எடுப்பவர்கள். எமது காலத்திலேயே 2005 இற் தன்னார்வலர் சிலர் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கி ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எவரும் இலவசமாகப் பெறச்செய்தனர். இன்று எம் சிறப்புக்கலை ஆய்வேடுகளில் அதனைப் பயன்படுத்தாதன எத்தனை? ஆயினும் அதிலுள்ள பழைய ஏடுகள் பெரும்பாலும் பக்கப் படங்கள். ஐந்து அங்குலத் திரையில் அவற்றை வாசிப்பது கண்ணுக்குத் தண்டனை. ஒரு சொல்லைத் தேடவும் முடியாது. அவற்றைச் சிறு திரைக்கேற்ற எழுத்தாக மாற்றும் நிரலை எந்த வெளிநாட்டுக் கம்பனியும் எமக்காக எழுதித்தரும் என்று நாம் காத்திருக்கிறோமா?

ஆகவே எமது மன்றத்தின் செயற்குழுவிடம் இரண்டு கோரிக்கைகளை எழுத்தில் வைத்துள்ளேன். முதலாவது, மன்ற அறையில் ஒரு வைஃபைப் பெட்டியும் ஒரு சிறு சேவையகக் கணினியும் பொருத்தி, மன்றத்தின் பழைய மலர்களையும் பாடநூல்களையும், ரீலோட் செய்யக் காசில்லாத மாணவரும் தரவுச் செலவின்றித் தம் தொலைபேசியிற் பெறச்செய்தல். அலைவரிசை பொதுநிலம்; எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை, நிருவாகத்திடமன்றி. இரண்டாவது, தமிழ்த்துறை மாணவர்க்கு வாரமொருமுறை நிரலெழுதும் வகுப்பு, அவரவர் கைத்தொலைபேசியிலேயே. இது தமிழ்மன்றத்தின் வேலையா என்று ஒரு செயற்குழு உறுப்பினர் கேட்டார். நாடகம் போடுவதும் பட்டிமன்றம் நடத்துவதும் எவ்வளவு மன்றத்தின் வேலையோ அவ்வளவு இதுவும் என்றேன். முடிவு இன்னும் வரவில்லை.

இதற்கிடையில் நானும் நண்பர் இருவரும் தொடங்கிவிட்டோம். கடைக்காரர் கைவிட்ட அதே பழைய தொலைபேசியில், பைதன் மொழியில், செய்யுளடியொன்றின் எழுத்துக்களை எண்ணி அசைபிரிக்கும் நிரலொன்றை எழுதிவருகிறோம். கணினிக்குத் தமிழெழுத்தைக் குறியாக்கியவர்கள் உயிர்மெய்யை மெய்யெழுத்தின் குறியாகவும் உயிர்க்குறியாகவும் பிரித்து வைத்தனராதலால், எமது நிரல் ‘கொ’ என்பதை இரண்டெழுத்தாக எண்ணுகிறது. புள்ளியை வேறு தனியெழுத்தென்று கொள்கிறது. தொல்காப்பியம் கற்ற எவரும் இப்பிழையை உடனே காண்பர். திருத்திக்கொண்டிருக்கிறோம்.